கத்தரிக்கோலைக் கீழே வைத்த பிறகு: ஒரு சீருடைத் தையலகத்தில் கற்ற மேலாண்மை

2014ஆம் ஆண்டு ஏப்ரல் நடுவில், பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எனது தையலகத்திற்கு மூன்று பள்ளிகளிலிருந்து சீருடை வேலை வந்தது. மொத்தம் 2,400 மாணவர்கள். ஒருவருக்கு இரண்டு ஜோடி. ஒரு ஜோடிக்கு மேலுடை ஒன்று, கீழுடை ஒன்று. ஆக 9,600 உருப்படிகள். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறப்பதற்குள் அனைத்தையும் கொடுத்துவிடுவதாக மூன்று தாளாளர்களிடமும் வாக்குக் கொடுத்து முன்பணமும் வாங்கினேன். அப்போது என்னிடம் இருந்தவை 14 தையல் இயந்திரங்கள். சட்டை, கால்சட்டை, பாவாடை எல்லாம் கலந்து ஒரு தையல்காரர் ஒரு நாளில் சராசரியாக ஒன்பது உருப்படி முடிப்பார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பதினான்கை ஒன்பதால் பெருக்கினால் நாளொன்றுக்கு 126. 9,600ஐ 126ஆல் வகுத்தால் 76 நாள்களுக்குச் சற்று மேல் வருகிறது. என் கையில் இருந்தவையோ ஞாயிறு நீங்கலாக ஏறத்தாழ 40 வேலை நாள்கள். இந்த வகுத்தலை நான் முதன்முதலாகத் தாளில் போட்டுப் பார்த்தது அந்த ஆண்டு ஜூலையில், இரண்டு பள்ளிகள் என்னைவிட்டுப் போன பிறகு.

அந்த நாற்பது நாள்களும் முழுதாகக் கிடைக்கவில்லை. ஏப்ரல் 24 அன்று நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு என்பதால் ஊருக்குப் போன ஐந்து பேரில் மூவர் ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பினார்கள். சித்திரையிலும் வைகாசியிலும் ஊர்த் திருவிழாக்கள் வரும் என்பதும், தையல்காரர்களில் பாதிப் பேர் அதற்குப் போவார்கள் என்பதும் ஆண்டுதோறும் நான் கண்ட செய்திதான். ஆனால் அதைக் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. வேலை பின்தங்குகிறது என்று தெரிந்ததும் நானே ஓர் இயந்திரத்தில் உட்கார்ந்தேன். காலை ஏழு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை தைத்தேன். பல இரவுகள் வெட்டு மேசையின் மீதே உறங்கினேன். பள்ளி திறந்த அன்று பாதிக்குச் சற்றுக் குறைவான உருப்படிகளே தயாராக இருந்தன. பள்ளி வாசலில் வண்ண உடையில் நின்றிருந்த பிள்ளைகளையும், அவர்களின் பெற்றோருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த அலுவலகப் பணியாளரையும் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்றும் நினைவில் இருக்கிறது. உழைப்பில் நான் குறை வைக்கவில்லை. ஆனால் அந்த நாற்பது நாள்களில் அந்தத் தொழிற்கூடத்தில் நிர்வாகம் என்ற வேலையை ஒருவரும் செய்யவில்லை. அதைச் செய்ய வேண்டியவன் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்தேன்.

சொந்தத் தொழில் தொடங்கும் முன் பதினோரு ஆண்டுகள் கட்டிங் மாஸ்டராக வேலை பார்த்தவன் நான். வேலை தெரிந்தவனுக்குத் தொழில் நடத்தத் தனியாக எதுவும் கற்க வேண்டியதில்லை என்பதே என் நம்பிக்கையாக இருந்தது. அதை அசைத்தது மறு ஆண்டு என் மகள் வணிகவியல் தேர்வுக்காக உரக்கப் படித்த ஒரு பாடம். பிரான்ஸ் நாட்டுச் சுரங்கப் பொறியாளரான ஹென்றி ஃபயோல், 1888இல் நொடித்துப்போகும் நிலையில் இருந்த சுரங்க நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று அதை நிமிர்த்தியவர். தம் அனுபவத்தைத் தொகுத்து 1916இல் வெளியிட்டபோது, நிர்வாகத்தின் பணிகள் திட்டமிடுதல், ஒழுங்கமைத்தல், ஆணையிடுதல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்துதல் என்று ஐந்தாக வகுத்தார். பின்னால் வந்தவர்கள் பணியமர்த்துதலைத் தனிப் பணியாக்கி, ஆணையிடுதலை இயக்குதல் என்று விரித்தார்கள். இந்தப் பட்டியலைவிட என்னைத் தொட்டது அவர் சொன்ன வேறொரு கருத்து. பொறுப்பில் மேலே போகப் போக ஒருவருக்குத் தொழில்நுட்பத் திறமையின் தேவை குறைந்து, நிர்வாகத் திறமையின் தேவை கூடுகிறது என்பது அது. அவரே பொறியாளர், தாம் கற்ற தொழிலைக் குறைத்துப் பேச அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. அன்றிரவு நான் நெடுநேரம் உறங்கவில்லை.

திட்டமிடுதல் என்றால் முன்னோக்கி யோசிப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் தொழிலில் அது பின்னோக்கி எண்ணுவதாகும். பள்ளி ஜூன் முதல் வாரத்தில் திறக்கும் என்று வைத்துக்கொண்டால் மே 24க்குள் தையல் முடிய வேண்டும். எஞ்சிய நாள்கள் சரிபார்ப்புக்கும், இஸ்திரிக்கும், கட்டி அனுப்புவதற்கும் உரியவை. ஒரு தையல்காரர் ஒன்பது உருப்படி தைக்கக்கூடியவர் என்றாலும் நான் இப்போது எட்டு என்றே கணக்கிடுகிறேன். விடுப்பு, இயந்திரப் பழுது, நூல் மாற்றும் நேரம் ஆகியவற்றுக்கெல்லாம் அந்த ஓர் உருப்படிதான் விலை. அதே 14 இயந்திரங்கள், அதே 9,600 உருப்படிகள் என்றால் நாளுக்கு 112 வீதம் 86 நாள்கள் தேவை. அதாவது பிப்ரவரி 10ஆம் தேதிவாக்கில் முதல் துணி மேசையில் விரிக்கப்பட வேண்டும். அதற்கு ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு பள்ளியில் அளவெடுக்க வேண்டும். துணியையோ அதற்கும் முன்பே சொல்லி வைக்க வேண்டும். கோடவுன் தெரு மொத்த வியாபாரியிடம் சொன்னவுடன் கிடைத்துவிடும் என்று நினைக்கக் கூடாது. கால்சட்டைத் துணி ராஜஸ்தானின் பீல்வாராவிலிருந்து வருகிறது. ஒரே நீலத்தில் இரண்டு சாயத் தொகுதிகள், அதாவது வெவ்வேறு முறை சாயமேற்றிய துணிகள், கலந்து வந்தால் ஒரே வகுப்பில் இரண்டு நீலம் தெரியும். ஆகவே ஒரு பள்ளிக்கு ஒரே தொகுதித் துணி என்று முன்கூட்டியே பேசி எழுதி வாங்க வேண்டும்.

திட்டம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் அது பொய்த்துப்போகும் நாளுக்கும் அதிலேயே இடம் வைக்க வேண்டும் என்பதை 2020 கற்பித்தது. அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே முழுத் துணியையும் வாங்கி, நான்கில் ஒரு பங்கைத் தைத்தும் முடித்திருந்தேன். மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மீண்டும் பள்ளிக்கு வந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். மூன்றாம் வகுப்பில் அளவெடுத்த பிள்ளை அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயரிட்டுத் தனித்தனி அளவில் தைத்த ஒரு பள்ளியின் உடைகள் யாருக்கும் பொருந்தாமல் போயின. 24, 26, 28 என்று பொது அளவுகளில் தைத்தவை மட்டும் அடுத்து வந்த பிள்ளைகளுக்கு உதவின. அதிலிருந்து பெயருக்குத் தைப்பதை விட்டுவிட்டு, அளவுக்குத் தைத்து, திருத்தம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் செய்கிறோம். துணியையும் இரண்டு தவணையாக வாங்குகிறேன். சாயத் தொகுதியை மட்டும் வியாபாரியிடம் எனக்கென்று ஒதுக்கி வைக்கச் சொல்கிறேன். அதற்கு மீட்டருக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தாலும் நான் வருந்துவதில்லை.

2023இல் நடந்தது இதற்கு நேர்மாறானது. கடும் வெயிலால் பள்ளித் திறப்பு தள்ளிப்போய், உயர்வகுப்புகளுக்கு ஜூன் 12 என்றும் தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 14 என்றும் ஆனது. வேலை முடிக்காதவர்களுக்கு அது வரமாக இருந்திருக்கும். எங்களுக்கு வேலை முடிந்திருந்தது; ஆனால் பணம் வரும் நாளும் அதோடு சேர்ந்து தள்ளிப்போயிற்று. வேலைக்குத் திட்டம் போட்ட அளவுக்குப் பணத்துக்கும் போட வேண்டும் என்று அந்த இரண்டு வாரங்களில்தான் எனக்கு உறைத்தது. துணி வியாபாரிக்கு ஏப்ரலில் பணம் போக வேண்டும். தையல் கூலி வாரந்தோறும் சனிக்கிழமை போகும். பள்ளியிலிருந்து பணம் வருவதோ ஜூலைக்குப் பிறகு. இப்போது ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் பணம் தர வேண்டிய நாளை எழுத்தில் வாங்குகிறேன். பதிவுபெற்ற குறு, சிறு தொழில்களுக்கு உரிய பணத்தை எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்குமேல் நிறுத்திவைக்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தைக் காட்டி வாடிக்கையாளரோடு வழக்குக்குப் போகும் நிலையில் எங்களைப் போன்றவர்கள் இல்லை என்றாலும், ஒப்பந்தத் தாளில் அந்த வரி இருப்பது கணக்காளரிடம் பேசுவதற்குத் துணிவைத் தருகிறது.

ஒழுங்கமைத்தலில் நான் செய்த தவறு வெளியே தெரியாத தவறு. நூல் தீர்ந்தாலும், பொத்தான் நிறம் மாறினாலும், அளவில் ஐயம் வந்தாலும் எல்லோரும் என்னிடமே வந்தார்கள். அதை என் முக்கியத்துவம் என்று எண்ணியிருந்தேன். நான் கடையில் இல்லாத நேரங்களில் என் மனைவி ஒன்று சொல்வார், மைத்துனர் வேறொன்று சொல்வார், கட்டிங் மாஸ்டர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். 2014 மே கடைசியில் இஸ்திரி போடும் பெரியவர் ஒருவர், ஒரு பள்ளியின் உடைகளைப் பாதி மடித்த நிலையில் வைத்துவிட்டு இன்னொரு பள்ளிக்கு மாறினார். மாலைக்குள் மீண்டும் பழையதற்கே மாற்றப்பட்டார். அன்று இரண்டு பள்ளிக்கும் எதுவும் போகவில்லை. ‘நான் யார் பேச்சைக் கேக்கணும், அதை மட்டும் சொல்லிடுங்க முதலாளி’ என்று அவர் கேட்டார். ஒரு தொழிலாளிக்கு ஆணை ஒருவரிடமிருந்து மட்டுமே வர வேண்டும் என்று ஃபயோல் ஒரு விதியாகச் சொன்னதை அவர் கேள்வியாகக் கேட்டார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

பிறகு கூடத்தை மூன்றாகப் பிரித்தேன். துணி வந்ததிலிருந்து வெட்டிக் கட்டுக் கட்டும் வரை கட்டிங் மாஸ்டர் பொறுப்பு. கட்டுகள் தையலுக்குப் போய்த் திரும்பும் வரை லைன் பொறுப்பாளர். காஜா, பொத்தான், சரிபார்ப்பு, இஸ்திரி, அனுப்புதல் ஆகியவை என் மனைவியின் பொறுப்பு. மைத்துனருக்குப் பள்ளிகளோடு பேசுவதும் பணம் வசூலிப்பதும் மட்டும். கூடத்துக்குள் அவர் யாருக்கும் ஆணையிடக் கூடாது. உறவுக்குள் இதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை, ஒரு மாதம் அவர் என்னோடு சரியாகப் பேசவுமில்லை. ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு இணைத்தோம்: பள்ளி, உடை, அளவு, எண்ணிக்கை, தைப்பவரின் எண், கொடுத்த நாள், திரும்பிய நாள். ஒரு கட்டு எங்கே நிற்கிறது என்று கேட்டால் யாரையும் தேடாமல் சீட்டே பதில் சொல்லும். ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்குக் கட்டு கைமாறும்போது இருவரும் கையெழுத்திட வேண்டும். பெரிய நிறுவனங்கள் மென்பொருளில் செய்வதை நாங்கள் அட்டையிலும் பேனாவிலும் செய்கிறோம். எங்கள் அளவுக்கு அது போதுமானது.

லைன் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்ததில் இன்னொரு பாடம் இருக்கிறது. கூடத்திலேயே மிக வேகமாகவும் துல்லியமாகவும் தைப்பவரை அந்த இடத்தில் அமர்த்தினேன். அவர் உருப்படிக் கூலியில் மாதம் சம்பாதித்ததைவிட நான் கொடுத்த மாதச் சம்பளம் குறைவு. அதோடு, நேற்றுவரை தோளோடு தோள் உட்கார்ந்து தைத்தவர்களைக் கேள்வி கேட்கவும் அவரால் முடியவில்லை. மூன்று மாதத்தில் வேறு தையலகத்துக்குப் போய்விட்டார். ஒரு நல்ல தையல்காரரை இழந்தேன், ஒரு பொறுப்பாளரும் கிடைக்கவில்லை. என்னை ஏமாற்றிய அதே நம்பிக்கையை நான் அவர் மீது ஏற்றியிருந்தேன். இப்போது அந்தப் பொறுப்பில் இருக்கும் அம்மையார் தையலில் நடுத்தரமானவர். ஆனால் யாருடைய கையில் எந்தக் கட்டு எத்தனை நாளாக இருக்கிறது என்பதை மனத்திலேயே வைத்திருப்பார், யாரிடமும் குரல் உயர்த்தாமல் வேலை வாங்குவார். ஆள் எடுக்கும்போது கூலியோடு சட்டப்படியான செலவையும் சேர்த்தே விலை சொல்ல வேண்டும் என்பதையும் இங்கே குறிப்பிடுகிறேன்: பத்துப் பேரைத் தொட்டால் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு, இருபது பேரைத் தொட்டால் வருங்கால வைப்பு நிதி. ஈ.எஸ்.ஐ.க்கு 2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு ஊதியத்தில் 3.25 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு. இதை விலையில் சேர்க்காமல் விட்டுவிட்டுப் பின்னர் ஆள் கணக்கைக் குறைத்துக் காட்டுபவர்களை அறிவேன். ஊசி விரலில் ஏறிய ஒரு பெண்ணோடு மருத்துவமனைக்குப் போய் நின்ற பிறகு அந்த வழியை நான் மனத்தாலும் நினைத்ததில்லை.

இயக்குதல் என்பதை நான் நெடுங்காலம் சத்தம் போடுவது என்றே புரிந்துவைத்திருந்தேன். ஒரு பருவத்தில் சட்டைக் கழுத்துப்பட்டை ஒரு பக்கம் சுருண்டு சுருண்டு வந்தது. தைத்தவர்களைத் திட்டினேன், திருத்தக் கொடுத்தேன், கூலியில் பிடித்தேன். இரண்டு வாரம் கழித்துச் சரிபார்ப்பு மேசையில் இருந்த மூத்த அக்கா, அந்தச் சுருக்கம் பட்டைக்குள் வைக்கும் கேன்வாஸ் வெட்டும் திசை மாறியதால் வருகிறது என்றார். அது வெட்டு மேசையின் பிழை. தைத்தவர்கள் மீது குற்றமே இல்லை. ‘இதை ஏன் முன்னாடியே சொல்லலக்கா?’ என்றேன். ‘நீங்க கேக்கலையே தம்பி, கத்திக்கிட்டு இருந்தீங்க’ என்றார். பிடித்த கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று முதல் தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம் எல்லோரும் வெட்டு மேசையைச் சுற்றி நிற்கிறோம். நேற்று எத்தனை முடிந்தது, இன்று எந்தப் பள்ளி, எங்கே இடறுகிறது என்ற மூன்றையும் பேசுகிறோம். மூன்றாவது கேள்விக்கு முதல் மாதம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. குறை சொன்னவருக்குத் தீங்கு வரவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் பேசத் தொடங்கினார்கள்.

கட்டுப்படுத்துதல் என்ற சொல் கெடுபிடியைப் போல ஒலிக்கிறது. உண்மையில் அது திட்டத்தில் எழுதியதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாகும். 2016 பருவத்தில் முதன்முறையாக ஒரு சட்டைக்கு எல்லா அளவுகளும் சேர்ந்து சராசரியாக 1.10 மீட்டர் துணி என்று முன்கூட்டியே எழுதி வைத்தேன். பருவம் முடிந்து பார்த்தால் 1.18 மீட்டர் போயிருந்தது. எட்டு சென்டிமீட்டர் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் 4,800 சட்டைகளுக்கு அது 384 மீட்டர். மீட்டர் 110 ரூபாய் வீதம் 42,240 ரூபாய். முதலில் களவு என்றே சந்தேகித்தேன், அதற்காக இன்றும் வருந்துகிறேன். காரணம் வேறு. ஒவ்வோர் அளவையும் தனித்தனியாக விரித்து வெட்டியதால், பெரிய அளவுகளின் இடைவெளியில் சிறிய அளவுகளைப் பொருத்தும் வாய்ப்பு போய்விட்டது. ஒவ்வொரு ரோலின் கடைசியிலும் பயன்படாத துண்டுகள் மிஞ்சின. கட்டிங் மாஸ்டராக இருந்த எனக்கு இதைக் கண்டுபிடிக்க அரை நாள்தான் ஆயிற்று. அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் இந்த இழப்பு இருந்திருக்கும், 1.10 என்ற எண்ணை எழுதி வைக்காததால் இழப்பு என்றே தெரியாமல் இருந்தது. எதை அளக்கப்போகிறோம் என்பதைத் திட்டமிடும்போதே முடிவுசெய்யாவிட்டால் பின்னால் அளப்பதற்கு ஒன்றும் இருக்காது.

இந்தக் கணக்கைப் பருவ முடிவில் பார்ப்பதில் பயனில்லை என்பதால் ஒவ்வொரு சனிக்கிழமையும், கூலி கொடுக்கும் முன்பு சீட்டுகளை எண்ணுகிறேன். திட்டத்தைவிட ஒரு வாரம் பின்தங்கியிருந்தால் அடுத்த திங்கட்கிழமையே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: கூடுதல் நேரமா, வீட்டில் தைப்பவர்களுக்கு வெளித்தையல் கொடுப்பதா, இல்லை பள்ளியிடம் சொல்லிவிடுவதா. கடைசி வழியைத்தான் நாம் எல்லோரும் தள்ளிப்போடுகிறோம். ஆனால் ஏப்ரலில் சொல்லப்படும் தாமதத்தைப் பள்ளிகள் பொறுத்துக்கொள்கின்றன. எந்த வகுப்புக்கு முதலில், எதற்குப் பிறகு என்று சேர்ந்து உட்கார்ந்து முடிவுசெய்யவும் முன்வருகின்றன. ஜூன் ஒன்றாம் தேதி சொல்லப்படும் தாமதத்தை ஒருவரும் பொறுத்ததில்லை.

இந்தப் பணிகளை ஒன்றன்பின் ஒன்றாக வரும் படிகளைப் போலப் பாடத்தில் எழுதியிருந்தாலும், கூடத்தில் அவை அப்படி வருவதில்லை. சனிக்கிழமை எண்ணிக்கைதான் திங்கட்கிழமைத் திட்டமாகிறது. கழுத்துப்பட்டைச் சுருக்கத்தைக் கேட்டறிந்தது வெட்டு மேசையின் ஒழுங்கை மாற்றியது. இவற்றுக்கெல்லாம் நேரம் வேண்டும் என்பதால் நான் கத்தரிக்கோலையும் இயந்திரத்தையும் விட்டு விலகினேன். முதல் ஆண்டில் அது சோம்பலைப் போலவே தோன்றியது. பதினெட்டுப் பேர் தைத்துக்கொண்டிருக்க நான் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் எனக்குக் கூச்சம் இருந்தது. காலையில் முதல் ஒரு மணி நேரமும் சனிக்கிழமை மாலையும் இந்த வேலைக்கு மட்டுமே என்று வைத்துக்கொண்டது அந்தக் கூச்சத்தைக் கடக்க உதவியது.

இந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் பெரம்பூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் தாளாளர் வந்தார். 550 மாணவர்கள், இரண்டு ஜோடி, ஜூனுக்குள் வேண்டும் என்றார். இப்போது 22 இயந்திரங்கள் உள்ளன. நாளுக்கு 176 உருப்படி. அவர் கேட்ட 2,200 உருப்படிகளுக்குப் பன்னிரண்டரை நாள் வேண்டும். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலைகள் போக என் திட்டத்தில் மிஞ்சியிருந்தது பத்து நாள். அதில் மூன்று நாளைப் பழுதுக்கும் மழைக்கும் என்று எப்போதும் தொடாமல் வைத்திருக்கிறேன். அந்தத் தாளை அப்படியே அவர் முன் வைத்து, ஜூனுக்குள் பிள்ளைக்கு ஒரு ஜோடி, இரண்டாவது ஜோடி ஜூலை கடைசியில் என்றால் செய்கிறேன், இரண்டும் ஜூனில் வேண்டுமென்றால் என்னால் இயலாது என்றேன். அவர் சிறிது நேரம் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு ஜோடி போதும் என்று ஒப்புக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை அளவெடுக்க வருவதாகக் குறித்துக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் முன்பணத்தை வாங்கினேன்.